ரிக்கி லாம்பர்ட்: பத்து வருஷம் யார் கண்ணிலும் படவில்லையா, பட்டும் விட்டுவிட்டார்களா?

ஓரக்கோடு

நேற்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. 2013 ஆகஸ்ட் 14 அன்று வெம்ப்ளியில் நடந்த இங்கிலாந்து - ஸ்காட்லாந்து ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்பு ஆட்டம்தான். ஸ்காட்லாந்து இரண்டு தடவை முன்னால் போகிறது, இங்கிலாந்து இரண்டு தடவையும் எட்டிப் பிடிக்கிறது. 2-2 என்று நிற்கும்போது ரூனியை வெளியே எடுத்துவிட்டு ஓர் அறிமுக ஆட்டக்காரரை இறக்குகிறார்கள். அறிமுகம் என்றதும் பத்தொன்பது வயசுப் பையனை நினைத்துக்கொள்ளாதீர்கள், இவருக்கு 31. உள்ளே வந்து மூன்று நிமிடம் ஆவதற்குள் லைட்டன் பெய்ன்ஸ் அடித்த கார்னருக்கு எகிறி, தலையால் முட்டி வலைக்குள் போட்டார். 3-2. ஸ்கோர் அதற்குமேல் மாறவே இல்லை.

ரிக்கி லாம்பர்ட். அதற்கு நான்கு வருடம் முன்னால் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். எட்டு வருடம் முன்னால் நான்காம் அடுக்கில், ராச்டேலில்.

என் சந்தேகம் இதுதான். தேசிய அணிக்கு ஆடுகிற அளவுக்குச் சரக்கு ஒருவரிடம் இருந்தால், அது 27 வயதுவரை எங்கே கிடந்தது? பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

ஞாயிறு கீப்பர்

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், பாதிக் கதை கேட்டால் புரியாது.

பிறந்தது 1982 பிப்ரவரி 16, லிவர்பூலை ஒட்டிய கர்பியில். பத்து வயதில் லிவர்பூல் கிளப்பின் சிறுவர் அணியில் எடுத்துக்கொண்டார்கள், பதினைந்தில் போய்வா என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து பிளாக்பூல். அங்கே ஆடியது மொத்தம் மூன்று லீக் ஆட்டம். புது மேனேஜராக வந்த ஸ்டீவ் மக்மேன் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. மக்மேனும் ஒரு காலத்தில் லிவர்பூல் நடுக்களத்தின் தூணாக இருந்தவர்தான். ஆக, பையன் சாமியாகக் கும்பிட்ட கிளப்பே இரண்டு தடவை கதவைச் சாத்தின மாதிரி.

அப்புறம் சில மாதம் கிளப்பே இல்லை. கைச்செலவுக்காக ஒரு பீட்ரூட் தொழிற்சாலையில் வேலை. ஊறவைத்த பீட்ரூட் ஜாடிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டுத் திருக வேண்டும். நாளுக்கு 20 பவுண்டு. பின்னாளில் பேட்டிகளில் அவரே சொன்னது இது. அந்த நேரத்தில் மாக்கிள்ஸ்ஃபீல்டு டவுனில் சம்பளம் இல்லாமல் பயிற்சிக்குப் போய்வந்து, கடைசியில் அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

புள்ளிவிவரப் புலி

வந்துவிட்டேன். லீக் ஆட்டம், லீக் கோல் மட்டும்:

மாக்கிள்ஸ்ஃபீல்டு 44 ஆட்டம், 8 கோல். ஸ்டாக்போர்ட் கவுன்டி 98ல் 18. ராச்டேல் 64ல் 28. பிரிஸ்டல் ரோவர்ஸ் 128ல் 51. அதற்குப் பிறகு சவுத்தாம்ப்டன், லீக்கில் மட்டும் 106 கோல். கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் 235 ஆட்டம், 117 கோல்.

இன்னொரு கணக்கு. 2005-06ல் லீக் டூவில் 22 கோல், கார்லைல் அணியின் கார்ல் ஹாலியோடு சேர்ந்து முதலிடம். 2008-09ல் லீக் ஒன்னில் 29, ஸ்விண்டனின் சைமன் காக்ஸோடு சேர்ந்து முதலிடம். அடுத்த வருடம் அதே லீக்கில் 30. 2011-12ல் சாம்பியன்ஷிப்பில் 27, அங்கேயும் முதலிடம். நான்காம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று மூன்றிலும் அதிக கோல் போட்டவர்.

சும்மாபார்வையாளன்

மன்னிக்கவும், நான் புதிது. லீக் ஒன் என்றால் முதல் லீக் இல்லையா? அது எப்படி மூன்றாம் அடுக்கு ஆகும்?

ஞாயிறு கீப்பர்

இங்கிலாந்துக்காரன் பெயர் வைக்கிற லட்சணம் அது தம்பி. மேலே பிரீமியர் லீக், 20 அணி. கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. லீக் டூவிலிருந்து விழுந்தால் அந்த 92க்கு வெளியே போய்விடுவீர்கள். இந்தப் பெயர்கள் வந்ததே 2004ல்தான், அதற்கு முன்னால் மூன்றாம் அடுக்குக்கு 'செகண்ட் டிவிஷன்' என்று பெயர். பழைய பதிவுகளைப் படிக்கும்போது தலை சுற்றினால் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் சுற்றும்.

ஓரக்கோடு

புலியின் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊர்களை மேப்பில் போட்டுப் பாருங்கள். மாக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், மூன்றும் மான்செஸ்டரைச் சுற்றித்தான். ஸ்டாக்போர்ட்டிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்குப் பஸ்ஸில் போய்விடலாம். 2001லிருந்து 2006வரை இந்த மனிதர் நாட்டின் பெரிய கிளப்புகளுக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட்கள் டீ குடிக்கப் போகிற தூரத்தில் ஆடியிருக்கிறார். எங்கோ மூலையில் கிடந்தார், பார்க்க முடியவில்லை என்ற சாக்கே கிடையாது. வந்தார்கள், பார்த்தார்கள், ஓட்டம் மெதுவாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

இடதுகால் மாமா

கொஞ்சம் நிதானமாக வாங்க தம்பி. ஓட்டம் மெதுவாக இருந்தது உண்மைதானே? லாம்பர்ட் கடைசிவரை வேகமான ஆட்டக்காரர் கிடையாது.

அதுவும் போக, மாக்கிள்ஸ்ஃபீல்டிலும் ஸ்டாக்போர்ட்டிலும் அவர் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கராகவே ஆடவில்லை. நடுக்களத்தில் ஆடினார். 98 ஆட்டத்தில் 18 கோல் என்பது மிட்ஃபீல்டருடைய கணக்கு. ஸ்டாக்போர்ட் 2002ல் அவருக்காக மாக்கிள்ஸ்ஃபீல்டுக்கு 3 லட்சம் பவுண்டு கொடுத்தது. அந்த மட்டத்தில் அது லேசான பணம் இல்லை. அதே ஸ்டாக்போர்ட் 2005 தொடக்கத்தில் காசே வாங்காமல் ராச்டேலுக்கு விட்டுவிட்டது. மூன்று வருடத்தில் மூன்று லட்சம் சைபர் ஆனது. அந்தச் சமயத்தில் அவரைப் பார்க்க வந்த ஸ்கவுட்டைத் திட்டி என்ன பிரயோசனம்?

ராச்டேலில் ஸ்டீவ் பார்க்கின் அவரை முன்வரிசையில் நிரந்தரமாக நிறுத்தினார். அடுத்த முழு சீசனில் 22 கோல். இடத்தை மாற்றியதும் ஆளே மாறிவிட்டார்.

புள்ளிவிவரப் புலி

மாமா ராச்டேல் என்றதும் ஞாபகம் வந்தது. லாம்பர்ட் அங்கே போனபோது பக்கத்தில் ஆடிய இன்னொரு ஸ்ட்ரைக்கர் யார் தெரியுமா? கிராண்ட் ஹோல்ட்.

ஹோல்ட்டும் அதே ரகம்தான். கார்லைல்காரர். டயர் வேலை பார்த்துக்கொண்டே லீக்குக்கு வெளியே பாரோ அணிக்கு ஆடினார், நடுவில் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்றெல்லாம் போய்வந்தார். 2006 ஜனவரியில் ராச்டேல் அவரை நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு விற்றது. அதே வருடம் ஆகஸ்ட் 31, டிரான்ஸ்ஃபர் கடைசி நாளில், லாம்பர்ட்டை 2 லட்சம் பவுண்டுக்கு பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு விற்றது.

இனிமேல்தான் விஷயம். 2011-12 பிரீமியர் லீக்கில் நார்விச்சுக்காக ஹோல்ட் 15 கோல். 2012-13 பிரீமியர் லீக்கில் சவுத்தாம்ப்டனுக்காக லாம்பர்ட் 15 கோல். ஹோல்ட்டைவிட அந்த வருடம் அதிகம் போட்ட இங்கிலாந்துக்காரர் ரூனி ஒருவர்தான். லாம்பர்ட்டோடு அடுத்த வருடம் சமமாக நின்றவர் லாம்பார்ட். பெயர்களைப் பார்த்து எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம், இவர் லாம்பர்ட், அவர் செல்சியின் ஃப்ராங்க் லாம்பார்ட்.

நான்காம் அடுக்கில் ஒரே அணியின் முன்வரிசையில் தோளோடு தோள் நின்ற இரண்டு பேர். இவர்கள் போன பிறகு ராச்டேலுக்கு வந்தவர் கிளென் மர்ரி. அவரும் பிற்பாடு பிரைட்டனுக்காக பிரீமியர் லீக்கில் 2017-18ல் 12, 2018-19ல் 13 கோல் போட்டார். ராச்டேல் தண்ணீரில் என்ன கலந்திருந்தார்களோ!

ஓரக்கோடு

இதைத்தானே நானும் சொல்கிறேன். ஒரே சின்ன கிளப் மூன்று பேரையும் கண்டுபிடித்திருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெரிய கிளப்புகளுக்குத் தெரியவில்லை. இதில் ஹோல்ட்டுக்கு இங்கிலாந்து சட்டை கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஏவான்கரை

ரொம்ப நாளாகச் சும்மா படித்துவிட்டுப் போகிறவன் நான். பிரிஸ்டல் ரோவர்ஸ் பெயர் வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2007லிருந்து இரண்டு வருடம் அந்த ஊரில் படித்தேன். விடுதியில் என் பக்கத்து அறைப் பையன் ரோவர்ஸ் பைத்தியம், அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். மெமோரியல் மைதானத்தைப் பார்த்தால் கால்பந்து மைதானம் என்றே தோன்றாது. முதல் உலகப் போரில் இறந்த ரக்பி ஆட்டக்காரர்களின் நினைவாக 1921ல் திறந்தது. ஒரு பக்கம் கிரிக்கெட் பெவிலியன் மாதிரி ஒரு கட்டடம், இன்னொரு பக்கம் கல்யாணப் பந்தல் மாதிரி வெள்ளைத் துணிக் கூரை. நாங்கள் நின்றுகொண்டே பார்க்கிற பக்கம். குளிரில் கால் விரல் மரத்துப்போகும். கையில் சூடான பேஸ்ட்டியை வைத்துக்கொண்டு, சாப்பிடுவதா கையைச் சூடு பண்ணிக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டு நிற்போம்.

2008 பிப்ரவரி 16, எல்லா அடுக்கு அணிகளும் மோதுகிற எஃப்ஏ கோப்பை, ஐந்தாம் சுற்று. எதிரணி சவுத்தாம்ப்டன், எங்களைவிட ஓர் அடுக்கு மேலே. கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போகிறது. முடிய இன்னும் ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது ஒரு ஃப்ரீ கிக். லாம்பர்ட் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அடித்தார், தடுப்புச் சுவரில் உரசித் திசை மாறிப் பந்து உள்ளே. 1-0. அந்தக் கிழவர் என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கியதில் பேஸ்ட்டி போய்விட்டது.

அன்றைக்கு அவருடைய 26ஆவது பிறந்த நாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். காலிறுதியில் வெஸ்ட் பிராம் வந்து எங்களை 5-1 என்று துவைத்துவிட்டுப் போனது வேறு கதை.

ஞாயிறு கீப்பர்

அருமை ஏவான்கரை. அடிக்கடி எழுதுங்கள்.

நீங்கள் சொன்ன அதே நாள், 2008 பிப்ரவரி 16, அதே ஐந்தாம் சுற்றில் லிவர்பூல் தன் சொந்த மைதானத்திலேயே பார்ன்ஸ்லியிடம் 2-1 என்று தோற்றது. பதினைந்து வயதில் அனுப்பிவிட்ட பையன் பிறந்த நாளில் கோல் போட்டுக் காலிறுதிக்குப் போகிறான், அனுப்பிவிட்டவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். இந்த மாதிரி ஒரு காட்சியைக் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இடதுகால் மாமா

நானும் ஒன்று கேட்கிறேன் ஏவான்கரை. அந்தக் காலத்தில் லாம்பர்ட் பார்க்க எப்படி இருந்தார்? உடம்பு?

ஏவான்கரை

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தார் மாமா. எதிரணி ரசிகர்கள் கிண்டல் பண்ணுவார்கள். ரோவர்ஸில் அவருடைய முதல் சீசனில் லீக் கோல் பத்தைக்கூடத் தொடவில்லை, எங்கள் ஆட்களே முனகியிருக்கிறார்கள் என்று அறைத் தோழன் சொல்வான். ஆனால் அதே சீசனில் கீழ் இரண்டு அடுக்கு அணிகளுக்கான லீக் ட்ரோஃபி அரையிறுதியில் பிரிஸ்டல் சிட்டியை வெளியே தள்ளிய ஒரே கோல் அவருடையது. ஊருக்குள் இருக்கிற பகை உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு கோலுக்காக அவருக்கு எத்தனையோ விஷயத்தை மன்னித்தார்கள்.

இடதுகால் மாமா

அங்கேதான் நான் வருகிறேன். எல்லாரும் ஸ்கவுட்டைத் திட்டுகிறீர்கள், லாம்பர்ட் தன்னையே திட்டிக்கொண்டதை மறந்துவிடுகிறீர்கள். 2009ல் சவுத்தாம்ப்டனுக்குப் போனபோது மேனேஜர் ஆலன் பார்டியூ முகத்துக்கு நேராகவே சொன்னார், எடை அதிகம், இந்த உடம்போடு மேலே போக முடியாது என்று. லாம்பர்ட் பிற்பாடு பல பேட்டிகளில் அதை ஒப்புக்கொண்டார். சாப்பாடு, குடி, பயிற்சி எல்லாவற்றையும் அப்போதுதான் மாற்றினார். வயது 27.

ஸ்கவுட்கள் 2004ல் பார்த்த லாம்பர்ட்டும் நாம் 2012ல் பார்த்த லாம்பர்ட்டும் வேறு வேறு ஆட்கள். இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஓரக்கோடு

மாமா, அதை அப்படியே திருப்பிப் போடுகிறேன். பெரிய கிளப்பின் அகாடமியில் இருக்கும் பதினேழு வயசுப் பையனுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள், தசைக்கு ஓர் ஆள், தூக்கத்துக்குக்கூட ஓர் ஆள். இவர் அந்த வயதில் ஜாடிக்கு மூடி திருகினார். மாக்கிள்ஸ்ஃபீல்டில் யார் வந்து தட்டைப் பார்த்து, இதைச் சாப்பிடாதே என்று சொல்லப் போகிறார்கள்? பார்டியூ ஒரு வாக்கியம் சொன்னார், மனிதர் மாறிவிட்டார். அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒன்பது வருடம் யாருமே இல்லை என்றால் தப்பு அவர் ஒருவர்மேல் மட்டுமா?

இடதுகால் மாமா

பாதி ஒப்புக்கொள்கிறேன். சொல்கிற ஆள் இருந்தாலும் 22 வயதில் கேட்டிருப்பாரா என்பது மீதிப் பாதி. நான் அந்த வயதில் என் அப்பா சொன்னதைக்கூடக் கேட்டதில்லை.

நடுவர்_நல்லவர்

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. சவுத்தாம்ப்டன் அந்த நேரத்தில் எப்படி அங்கே கிடைத்தது?

சாதாரண நிலையில் சவுத்தாம்ப்டன் லீக் ஒன் கிளப் கிடையாது. 27 வருடம் தொடர்ந்து முதல் அடுக்கில் இருந்துவிட்டு 2005ல் விழுந்தது. 2009 ஏப்ரலில் கடனில் மூழ்கி திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. பத்துப் புள்ளி தண்டனை. அதனால் 2009-10 லீக் ஒன் சீசனையே மைனஸ் பத்தில் தொடங்கியது. ஜூலையில் மார்க்கஸ் லீபர் என்ற சுவிட்சர்லாந்துத் தொழிலதிபர் வாங்கினார். ஆகஸ்டில் பத்து லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் கொடுத்து லாம்பர்ட்டை எடுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். பிரீமியர் லீக் தரத்தில் மைதானம், பயிற்சிக்கூடம், பணக்கார முதலாளி, எல்லாம் உள்ள ஒரு கிளப் மூன்றாம் அடுக்கில் கிடக்கிறது. அதே மூன்றாம் அடுக்கில் அதிக கோல் போட்டவர் ஒருவர் விலைக்குக் கிடைக்கிறார். ஒரே லிஃப்டில் இருவரும் ஏறினார்கள். லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்த நேரத்தில் இவர் வாசலில் நின்றார். சவுத்தாம்ப்டன் விழாமல் இருந்திருந்தால் லாம்பர்ட்டைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

முதல் வருடம் அவர் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 36 கோல். 2010 மார்ச்சில் வெம்ப்ளியில் எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டத்துக்கு நடுவே கார்லைலை 4-1 என்று வென்று லீக் ட்ரோஃபி எடுத்தார்கள். முதல் கோல் லாம்பர்ட்டின் பெனால்டி. லீக்கில் ஏழாவது இடம், மேல் அடுக்குக்குப் போகக் கடைசி வாய்ப்பான பிளேஆஃபுக்கு ஏழு புள்ளி குறைந்தது. அந்தப் பத்துப் புள்ளியைப் பிடுங்காமல் இருந்திருந்தால் போயிருப்பார்கள். லீபர் அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார், பார்டியூவும் மாத முடிவில் நீக்கப்பட்டார். அவருக்கு அடுத்து வந்த நைஜல் ஆட்கின்ஸ் ஒரு காலத்தில் ஸ்கன்தார்ப்பில் ஃபிசியோவாக இருந்தவர். 2011ல் ஒரு படி, 2012ல் இன்னொரு படி, பிரீமியர் லீக் வந்துவிட்டது.

புள்ளிவிவரப் புலி

2012 ஆகஸ்ட் 19ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம், நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில். லாம்பர்ட் முதலில் பெஞ்சில். இரண்டாம் பாதியில் இறங்கி, இறங்கிய சூட்டோடு கோல். 3-2 என்று தோற்றார்கள், பரவாயில்லை. மாக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல் என்று அந்த நகரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த மனிதர், கடைசியில் நகரத்துக்குள்ளேயே வந்து கோல் போட்டார்.

பெனால்டியும் ஒன்று பாக்கி. சவுத்தாம்ப்டனுக்காக 34 அடித்தார், 34ம் உள்ளே. அங்கே பெனால்டி சாமி என்றால் மேட் லெ டிசியே, 48ல் 47. தவறிய ஒன்றே ஒன்றை 1993ல் நாட்டிங்காம் ஃபாரஸ்டின் மார்க் கிராஸ்லி பிடித்தார். லாம்பர்ட் போட்டதும் அதே 7ஆம் எண் சட்டைதான்.

ஞாயிறு கீப்பர்

கீப்பர் என்ற முறையில் சொல்கிறேன், 34க்கு 34 என்பதைப் படித்தாலே கை வலிக்கிறது.

லாம்பர்ட்டை இவ்வளவு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியது கோல் மட்டும் என்று நினைத்தால் தப்பு. 2013-14ல் பிரீமியர் லீக்கில் 13 கோல் போட்டார், கூடவே 10 கோலுக்குப் பந்து கொடுத்தார். அந்த சீசன் ஆட்டம் எதையாவது எடுத்துப் பாருங்கள். நீளப் பந்து வரும், நெஞ்சில் வாங்கிக் காலடியில் சாத்துவார், அடுத்த நொடி எதிர்ப்பக்கத்துக்கு நாற்பது கெஜம் தாண்டிக் குறுக்காக ஒரு பந்து. ஓடுகிற சக ஆட்டக்காரர் லாலானா காலுக்கு அளந்து வைத்த மாதிரிப் போய் விழும். ஆறடிக்கு மேல் இருக்கிற ஸ்ட்ரைக்கருக்கு இந்தப் பந்து எங்கிருந்து வந்தது? ஸ்டாக்போர்ட் நடுக்களத்தில் அடிவாங்கிக்கொண்டு கழித்த அந்த வருடங்களிலிருந்து. நாம் வீணாகப் போனது என்று அழுத காலம் அது.

ஓரக்கோடு

ம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவேளை 18 வயதில் பெரிய கிளப்பில் சேர்ந்திருந்தால், கோலுக்கு முன்னால் பெட்டிக்குள் நின்று தலையால் முட்டுகிற ஆளாக மட்டும் வளர்த்திருப்பார்கள்.

சரி, லிவர்பூலுக்குத் திரும்பிப் போனது தப்பா இல்லையா? என்னைக் கேட்டால் பெரிய தப்பு.

நடுவர்_நல்லவர்

காகிதத்தில் பார்த்தால் தப்பு. 2014 ஜூன் தொடக்கத்தில் 40 லட்சம் பவுண்டுக்குப் போனார். அப்போது அங்கே சுவாரஸ், ஸ்டரிட்ஜ் இருவரும் இருந்தார்கள், இவர் மூன்றாவது ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காக இவருக்குக் கிடைத்தது உருகுவேக்கு எதிராகக் கடைசிச் சில நிமிடம். இவரை இறக்கியதே உருகுவேக்காரரான அதே சுவாரஸ் தன் இரண்டாவது கோலைப் போட்டு 2-1 ஆக்கிய பிறகுதான். அப்புறம் அதே உலகக் கோப்பையில் சுவாரஸ் எதிரணி ஆட்டக்காரரைக் கடித்தார், தடை, பார்சிலோனாவுக்கு விற்பனை. ஸ்டரிட்ஜுக்குக் காயம். பாலோடெல்லி வந்தார். அணியே குலைந்து நின்ற ஒரு வருடத்தில் 32 வயதுக்காரரால் என்ன செய்ய முடியும்? எல்லாம் சேர்த்து மூன்று கோல்: கிரிஸ்டல் பேலஸ், லுடகோரெட்ஸ், ஆஸ்டன் வில்லா. அடுத்த வருடம் வெஸ்ட் பிராம், ஒரு கோல். பிறகு கார்டிஃப். 2017 அக்டோபரில் ஓய்வு.

ஏவான்கரை

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லுடகோரெட்ஸ் கோல் சாம்பியன்ஸ் லீக் கோல். பதினைந்து வயதில் வெளியே போகச் சொன்ன வீட்டுக்கு 32 வயதில் அவர்களே கூப்பிட்டுக் காசும் கொடுக்கிறார்கள். நீங்கள் போக மாட்டீர்களா? சவுத்தாம்ப்டனிலேயே இருந்திருந்தால் இன்னும் இருபது கோல் போட்டிருப்பார், சரி. அந்த இருபது கோலை நமக்குத்தான் எண்ணத் தெரியும். கர்பியில் பிறந்தவனுக்கு அந்தச் சிவப்புச் சட்டைக்கு என்ன விலை என்பது கர்பிக்காரனுக்குத்தான் தெரியும்.

இடதுகால் மாமா

நான் ஏவான்கரை பக்கம்.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். இவர் ஏறிய ஏணிப்படிகள் என்ன ஆயின பாருங்கள். மாக்கிள்ஸ்ஃபீல்டு டவுனை 2020 செப்டம்பரில் கடனுக்காக நீதிமன்றமே கலைத்துவிட்டது. வேறு பெயரில் புது கிளப் ஒன்று பல அடுக்கு கீழே தொடங்க வேண்டியிருந்தது. ஸ்டாக்போர்ட் ஆறாம் அடுக்குவரை சரிந்துவிட்டு 2022ல்தான் லீக்குக்குத் திரும்பியது. ராச்டேல் 1921லிருந்து விடாமல் லீக்கில் இருந்த கிளப், 2023ல் வெளியே போனது. 19 வயதில் யாருக்கும் வேண்டாத பையனுக்கு மூன்று, நான்கு வருடம் ஆடிப் பார்க்க இடம் கொடுத்தவை இந்த மாதிரி கிளப்புகள்தான்.

சும்மாபார்வையாளன்

எல்லாம் படித்தேன். ஜேமி வார்டியும் இதே கதைதானே?

ஞாயிறு கீப்பர்

வார்டி லீக்குக்கு வெளியிலிருந்து நேரே இரண்டாம் அடுக்குக்குத் தாவினவர் தம்பி. 2012ல் ஃப்ளீட்வுட்டிலிருந்து லெஸ்டர். லாம்பர்ட் மாதிரி ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்து வரவில்லை. தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறோம்.

புள்ளிவிவரப் புலி

இங்கிலாந்துக் கணக்கைக் கொடுக்க மறந்துவிட்டேன். 11 ஆட்டம், 3 கோல்: ஸ்காட்லாந்து, மால்டோவா, ஈக்வடார். முதல் அழைப்பு வந்த அன்றுதான் அவருக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது.

ஏவான்கரை

ஓரக்கோடு முதலில் எழுதிய அந்த கார்னர் கோலைப் பற்றி ஒன்று. கார்னர் அடித்த லைட்டன் பெய்ன்ஸ் எந்த ஊர் என்று பார்த்தீர்களா? அவரும் கர்பி. 1984ல் பிறந்தவர், லாம்பர்ட்டைவிட ஏறக்குறைய மூன்று வயது சின்னவர். அவரும் விகன் அணிக்காக மூன்றாம் அடுக்கில்தான் தொடங்கினார்.

ஓரக்கோடு

அடடா. பெய்ன்ஸ் பெயரை எழுதியபோது எனக்கு அது தெரியாது. இருங்கள், அந்த கார்னரை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.